குயின் ஷார்லட் எப்படி எரிந்தது? மரப் போர்க்கப்பல் தீவிபத்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்மரப் போர்க்கப்பல்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், தீவிபத்து குறித்து ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். 1800-ல் இத்தாலியக் கரைக்கு அருகே எரிந்துபோன 'குயின் ஷார்லட்'தான் மைய உதாரணம். அந்தக் கப்பலின் தச்சர் ஜான் பேர்ட் உயிர் தப்பி, மறுநாளே இத்தாலியத் துறைமுகமான லிவோர்னோவில் எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம் இருக்கிறது. ஒரு மரக் கப்பல் உள்ளிருந்து எப்படி எரியும் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் சாட்சியம் அரிது.

குயின் ஷார்லட்னா எந்தக் கப்பல்? அதுக்கு என்னதான் ஆச்சு?

பிரிட்டிஷ் கடற்படையின் 100 பீரங்கிக் கப்பல். மூன்று முழுப் பீரங்கித் தளங்கள். பீரங்கித் தளத்தின் நீளம் 190 அடி. 1790 ஏப்ரலில் சாட்டம் கப்பல் கட்டுந்தளத்தில் நீரில் இறக்கப்பட்டது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி பெயரைச் சூட்டினார்கள். 1794 ஜூன் 1 அன்று பிரெஞ்சுக் கடற்படையுடன் நடந்த பெரும் போரில் ஹோவ் பிரபுவின் கொடிக்கப்பல் (கடற்படைத் தளபதி இருக்கும் கப்பல்) இதுதான்.

1800 மார்ச்சில் மத்தியதரைக் கடலில் கீத் பிரபுவின் கொடிக்கப்பலாக இருந்தது. கீத் லிவோர்னோவில் கரையிறங்கிவிட்டு, பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த கப்ராயா தீவை வேவு பார்த்து வரும்படி கப்பலை அனுப்பினார். கேப்டன் ஆண்ட்ரூ டாட் பொறுப்பில் இருந்தார். மார்ச் 17 காலை, லிவோர்னோவிலிருந்து மூன்று நான்கு லீக் (ஒன்பது முதல் பன்னிரண்டு கடல் மைல்) தொலைவில் தீப்பிடித்தது. முற்பகல் 11 மணியளவில் வெடித்துச் சிதறியது. 673 பேர் இறந்தார்கள். கேப்டன் டாடும் அதில் ஒருவர். பிழைத்தவர்கள் ஏறத்தாழ 160 பேர். பக்கத்தில் எதிரி யாரும் இல்லை, ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை.

தீ எதுல இருந்து வந்துச்சு? யாராவது சதி பண்ணாங்களா?

சதி இல்லை. பின்மேல்தளத்துக்கு அடியில், தளபதியின் அறைக்கு முன்னால், கூடம் போன்ற ஓர் இடம் உண்டு. அங்கே காய்ந்த புல் கிடந்தது. அதே இடத்தில், சமிக்ஞைப் பீரங்கி சுடுவதற்காக எரியும் திரி வைத்த தொட்டி ஒன்று வழக்கமாக இருக்கும். திரியின் தீ புல்லில் பற்றியிருக்க வேண்டும் என்பதே பேர்ட் கேட்டறிந்து சொன்ன முடிவு. திரித்தொட்டி இரண்டடி தள்ளி இருந்திருந்தாலோ, புல் வேறு தளத்தில் இருந்திருந்தாலோ, அந்தக் காலை எல்லாக் காலையையும் போலக் கழிந்திருக்கும்.

காலை 6:20 வாக்கில் பேர்ட் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது "தீ!" என்ற கூச்சல் கேட்டு மேலே ஓடுகிறார். அதற்குள் அந்தக் கூடம் முழுவதும், தளபதி அறையின் முன்தடுப்பு, நடுப்பாய்மரத்தைச் சுற்றிய கித்தான் உறை, படகுகளை மூடியிருந்த கித்தான் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. நடுப்பாய்மரத்தின் பெரிய பாயும் கிட்டத்தட்ட முழுக்கப் பற்றிவிட்டது. இந்த வரிசையை மனதில் வையுங்கள். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு இதில்தான் பதில் இருக்கிறது.

எப்பவும் எரியுற திரியை எதுக்குக் கப்பல்ல வைக்கணும்? தீக்குச்சி இல்லையா?

உரசினால் பற்றும் தீக்குச்சி 1820-களில்தான் வந்தது. அதுவரை அவசரத்துக்கு நெருப்பு வேண்டுமென்றால், ஏற்கெனவே எரிகிற நெருப்பை அணையாமல் காப்பதே வழி. சணல் கயிற்றை வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்தால் அது சுடர்விடாமல் கனன்றுகொண்டே இருக்கும். ஒரு அடிக் கயிறு கனன்று தீர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும்.

பீரங்கியைச் சுட அப்போது சக்கிமுக்கிக் கல் விசைகள் வந்துவிட்டன. ஆனால் கல் மழுங்கும், நனையும். அதனால் திரியும் துணைக்கு இருந்தது. அதை வைக்கும் தொட்டியின் விளிம்பில் வெட்டுகள் இருக்கும். அடியில் தண்ணீர் விட்டு, கனலும் நுனி தண்ணீருக்கு மேல் உள்பக்கமாகத் தொங்கும்படி வெட்டில் செருகுவார்கள். பொறி விழுந்தால் தண்ணீரில் விழும். நுனி வெளிப்பக்கம் புரண்டாலோ, கப்பல் ஆடும்போது காய்ந்த பொருள் சரிந்து தொட்டியோடு ஒட்டினாலோ அந்தப் பாதுகாப்பு போயிற்று.

போர்க்கப்பல்ல புல்லு எதுக்குங்க?

கால்நடைக்கு. பல வாரங்கள் கடலில் இருக்கும் கப்பலில் மாடு, ஆடு, கோழி உயிரோடு ஏற்றிச் செல்வது வழக்கம். உப்பிட்ட இறைச்சி மட்டுமே தின்றால் ஆட்கள் உடல் தளர்ந்துபோவார்கள் என்பதால் கரை கிடைக்கும்போதெல்லாம் மாடு வாங்குவார்கள். மாட்டுக்குத் தீனி வேண்டும். உலர்ந்த புல் பருமன் மிகுந்த சரக்கு. ஈரம் பட்டால் மக்கும். அதனால் மழை படாத, காற்றோட்டமுள்ள இடமாகப் பார்த்துத் தள்ளி வைப்பார்கள். தீ பிடிக்கவும் அதுதான் சரியான இடம்.

சுத்தி கடல்தானே? தண்ணிய மொண்டு ஊத்தினா அணையாதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. தண்ணீர் கீழே இருக்கிறது, தீ மேலே இருக்கிறது. அணியத்தின் (கப்பலின் முன்பகுதி) மேல்தளத்திலிருந்து கயிறு கட்டிய தோல் வாளியை இறக்கினால் பல அடி கீழே போய், நிரம்பி, கையால் இழுத்து, பல கை மாறித்தான் தீயிடம் வரும். ஒரு வாளியில் எட்டொன்பது லிட்டர் வந்தால் பெரிது. பேர்ட் சொல்லும் கணக்குப்படி, காலை ஒன்பது மணிக்கு அணியத்தில் சுமார் 150 பேர் இப்படி மொண்டு, எட்டும் தூரம் வரை பின்பக்கமாக வீசிக்கொண்டிருந்தார்கள். சுடரின் வெளிவிளிம்பு நனைந்தது. உள்ளே எரிவது எரிந்தது.

கையால் அழுத்தும் பம்புகள் இருந்தன. கடல் நீரை மேலே ஏற்றும் மரக்குழாய்ப் பம்பும், அடித்தட்டில் ஊறும் நீரை இறைக்கும் சங்கிலிப் பம்பும் உண்டு. ஆனால் சங்கிலிப் பம்பு நடுப்பாய்மரத்தை ஒட்டியே இருக்கும். அதன் நீரும் கீழ்ப் பீரங்கித் தளத்தில்தான் கொட்டும், மேலே வராது. குயின் ஷார்லட்டில் தீ தொடங்கியது நடுப்பாய்மரத்துக்கு மிக அருகே. கருவி இருந்த இடமும் தீ இருந்த இடமும் பொருந்தவில்லை.

ஓக் மரம் ரொம்பக் கெட்டியானதாச்சே, அவ்வளவு சீக்கிரம் எப்படிப் பிடிக்கும்?

ஓக் சீக்கிரம் பிடிக்கவில்லை. அதன்மேல் இருந்தவை பிடித்தன. கனத்த ஓக் விட்டம் எரிய ஆரம்பித்தால் மேல்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்தைக் கொஞ்ச நேரம் காக்கும். ஆனால் கப்பல் வெறும் விட்டங்களால் ஆனதல்ல. அறைத் தடுப்புகள் மெல்லிய பலகை, அதன்மேல் ஆளிவிதை எண்ணெய் கலந்த பெயின்ட். பலகை இடுக்குகளில் பழங்கயிற்று நார் திணித்து மேலே கீல் ஊற்றியிருப்பார்கள். பாய்மரங்களைத் தாங்கி நிற்கும் நிலைக்கயிறுகள் எல்லாம் தார் பூசியவை. இதே தரத்துக் கப்பலான 'விக்டரி'யில் மொத்தம் சுமார் 26 மைல் நீளத்துக்குக் கயிறு இருந்தது.

பாய்மரம் தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கும் இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழைநீர் உள்ளே வழியாதிருக்க, அங்கே மரத்தைச் சுற்றித் தார் பூசிய கித்தானை ஆணியடித்துக் கட்டுவார்கள். தீ அதைப் பிடித்தால் மேலே பாய்க்கும் கயிற்றுக்கும் ஏறும். எரியும் தாரும் கித்தானும் சுற்றிலும் சொட்டும். பேர்ட் மேலே வந்ததும் அந்த உறையைக் குறிப்பாகப் பார்த்ததில் வியப்பில்லை. தச்சருக்கு அதன் பொருள் தெரியும்.

தீப்பிடிச்சதும் பாயைச் சுருட்டி, கப்பலைத் திருப்பியிருக்கலாமே?

விதி அதுதான். தீ காற்று போகும் பக்கத்தில் இருக்கும்படி கப்பலைத் திருப்ப வேண்டும். பின்பகுதியில் தீ என்றால் அணியத்தைக் காற்றுக்கு நேராக வைக்க வேண்டும். அணியத்தில் தீ என்றால் காற்றுக்கு முதுகு காட்டி ஓட வேண்டும். அப்படிச் செய்தால் கப்பலின் பெரும்பகுதி புகையில்லாமல் இருக்கும், ஆட்கள் நின்று வேலை செய்யலாம்.

இதற்கு இரண்டு தேவை: சுக்கான் சக்கரத்தில் ஆள், பாயைக் கட்டுப்படுத்தக் கயிறு. சக்கரம் பின்மேல்தளத்தில், தீக்கு நேர் மேலே. பெரிய பாயின் கீழ்முனைகளைத் தூக்கிச் சுருட்டும் கயிறுகளிடம் தீயால் யாராலும் நெருங்க முடியவில்லை என்று பேர்ட் சொல்கிறார். தீ ஆரம்பித்த இடமே கப்பலை ஓட்டும் இடம் என்பதால், முதல் சில நிமிடங்களிலேயே இந்த வழி அடைபட்டது. கப்பல் இரண்டாகப் பிரிந்தும் போனது. கேப்டன் டாடும் மற்ற அதிகாரிகள் சிலரும் பின்னால். லெப்டினன்ட் டண்டாஸ், பேர்ட் முதலானோர் முன்னால். நடுவே நெருப்பும் புகையும். ஒருவர் கட்டளை மற்றவருக்குக் கேட்காது.

அப்போ அவங்க உருப்படியா எதுவுமே பண்ண முடியலையா?

செய்தார்கள். இந்த விபத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதியே இதுதான். மேல்தளத்தைக் காப்பாற்ற முடியாது என்பதைப் பேர்ட் சட்டெனப் புரிந்துகொண்டார். தீ கீழே இறங்காமல் தடுக்க ஆள் தரும்படி டண்டாஸிடம் கேட்டார். டண்டாஸ் தாமே இறங்கினார், வரச் சம்மதித்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு.

கீழ்ப் பீரங்கித் தளத்தில் நடந்தது இது. பீரங்கி வாசல்களின் கதவுகளைத் திறந்தார்கள். தளத்து நீர் வெளியேறும் துளைகளை அடைத்தார்கள். நடு, முன் இறங்குவாசல்களை மூடிப் பாதுகாத்தார்கள். உள்ளே நீர் விடும் குழாய்த் திருகுகளைத் திறந்துவிட்டார்கள். பீரங்கி வாசல் வழியே வாளியில் மொண்டார்கள். அங்கிருந்து கடல் சில அடிதான். பம்புகளையும் நிற்க முடிந்தவரை அடித்தார்கள். துளைகள் அடைபட்டதால் ஊற்றிய நீர் ஓடிவிடாமல் தளத்திலேயே தேங்கியது. இந்த அளவுள்ள தளத்தில் ஒரு அங்குலம் நீர் நின்றாலே பதினெட்டு டன் அளவுக்கு வரும். மேலிருந்து விழும் கொள்ளியை அணைக்க அது போதும்.

பீரங்கி வாசலைத் திறந்தா கப்பல் மூழ்கிடாதா?

ஆபத்துதான். 1782 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் நங்கூர இடத்தில் 'ராயல் ஜார்ஜ்' என்ற 100 பீரங்கிக் கப்பல், பழுதுபார்ப்புக்காகச் சாய்த்து நிறுத்தியிருந்தபோது திறந்த கீழ்வாசல்கள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பல் நிமிர்ந்தும் கடல் அமைதியாகவும் இருந்தால் மட்டுமே திறக்கலாம். தளத்தில் தேங்கும் நீரும் கப்பல் சாயும் பக்கமே ஓடி மேலும் சாய்க்கும். அன்று டண்டாஸும் பேர்டும் தெரிந்தே இந்த ஆபத்தை ஏற்றார்கள், சரியாகவே ஏற்றார்கள்.

எவ்வளவு நேரம் தாக்குப்பிடிச்சாங்க? ஏன் விட்டுட்டு வந்தாங்க?

ஏறத்தாழ ஒன்பது மணி வரை, இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். அவர்களை விரட்டியது நடுத்தளப் பீரங்கிகள். இந்தக் கப்பலின் நடுத்தளத்தில் 24 பவுண்டு பீரங்கிகள் 28 இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை டன். அவற்றைத் தாங்கும் தளப்பலகையும் விட்டமும் மேலிருந்து கரிந்துகொண்டே வந்து, எடை தாங்காமல் போனதும் பீரங்கிகள் தளத்தைப் பிய்த்துக்கொண்டு கீழே விழத் தொடங்கின. விழுந்த ஓட்டை வழியே தீயும் வந்தது. அதற்குமேல் நிற்க இடமில்லை.

கடைசியில் இருவரும் முன்கோடியில் இருந்த பீரங்கி வாசல் வழியே வெளியேறி, கப்பலின் பக்கவாட்டில் பற்றி ஏறி அணியத்துக்கு வந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் அங்கே நின்று போராடிய பிறகே பேர்ட் அணியத்து முன்கம்பத்திலிருந்து குதித்தார். நெருங்கி வந்த ஓர் அமெரிக்கப் படகை நீந்திச் சேர்ந்தார். டண்டாஸும் பிழைத்தார். பின்னாளில் 1834-ல் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் கடல் பிரபு பதவி வரை உயர்ந்த ஜார்ஜ் டண்டாஸ் இவரே.

வெடிமருந்து அறை இருந்தும் அஞ்சு மணி நேரம் ஏன் வெடிக்கல?

தீ மேலே ஏறத்தான் விரும்பும். வெடிமருந்து அறை நீர்மட்டத்துக்குக் கீழே, கப்பலின் அடியில் இருக்கும். மேல்தளத்துத் தீ அங்கே வர ஒவ்வொரு தளமாக எரித்து இறங்க வேண்டும். மேலே சொன்னபடி, இறங்குவாசலை மூடி நீரும் தேக்கினால் இன்னும் தாமதமாகும்.

அறையின் அமைப்பும் காரணம். உள்ளே இரும்பு கூடாது. பீப்பாய் வளையங்கூடச் செம்பு அல்லது மரம். விளக்கு உள்ளே வராது. பக்கத்தில் தனி அறையில் விளக்கு, நடுவே கண்ணாடிச் சாளரம். உள்ளே போகிறவர்கள் பொறி பறக்காதிருக்க மெத்தென்ற செருப்பு அணிவார்கள். வாசலில் நனைத்த கம்பளித் திரை தொங்கும்.

மற்ற விபத்துகளிலும் இதே போக்கைப் பார்க்கலாம். 1795 மே 1 அன்று ஸ்பிட்ஹெட்டில் 98 பீரங்கி 'பாய்ன்' காலை 11 மணியளவில் தீப்பிடித்து மாலையில்தான் வெடித்தது. 1807 பிப்ரவரி 14 இரவு 9 மணியளவில் டார்டனெல்ஸ் நீரிணைக்கு வெளியே எரியத் தொடங்கிய 'அஜாக்ஸ்', டெனடோஸ் தீவில் கரைதட்டி மறுநாள் விடியற்காலையில் வெடித்தது.

நேரம்தான் இருந்துச்சே, வெடிமருந்தைக் கடல்ல கொட்டியிருக்கலாமே?

அளவைப் பாருங்கள். விக்டரியின் பெரிய வெடிமருந்து அறையில் சுமார் 35 டன் வைக்கலாம். நூறு பவுண்டுப் பீப்பாய்களாகக் கணக்கிட்டால் 780 பீப்பாய். ஒவ்வொன்றையும் அடித்தட்டிலிருந்து, பொறி கொட்டும் தளங்கள் வழியாக மேலே கொண்டுவர வேண்டும். மூடிவைத்த வாசலைத் திறந்தாக வேண்டும். ஒரு பீப்பாய் கசிந்தால் படிக்கட்டு நெடுகத் துகள். தீ மிகச் சிறியதாக, தூரத்தில் இருந்தால் தவிர அது தற்கொலை. அறையை நீரில் மூழ்கடிப்பதே சரி.

படகுகள்ல ஏறித் தப்பிக்க முடியலையா? ஏன் இத்தனை பேர் செத்தாங்க?

பெரிய படகுகள் கப்பலின் நடுவில், உபரிக் கம்பங்களின் மேல் அடுக்கப்பட்டிருக்கும். குயின் ஷார்லட்டில் முதலில் எரிந்தவற்றில் அவற்றின் மூடுகித்தானும் ஒன்று என்று இரண்டாம் பதிலில் பார்த்தோம். எரியாமல் இருந்திருந்தாலும், அவற்றைக் கடலில் இறக்கப் பாய்மரங்களின் பருமல்களில் (பாய் கட்டும் குறுக்குக் கம்பங்கள்) கப்பி கட்டித் தூக்க வேண்டும். அந்தக் கயிறுகள் எரிந்துகொண்டிருந்தன. மொத்தப் படகுகளும் சேர்ந்தாலும் எண்ணூறு பேரைக் கொள்ளாது. அக்கால மாலுமிகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. மத்தியதரைக் கடலில் மார்ச் மாத நீர் குளிரானது.

பக்கத்துல இருந்த கப்பல்கள் வந்து காப்பாத்தலையா?

லிவோர்னோவிலிருந்து படகுகள் புறப்பட்டன. லெப்டினன்ட் ஸ்டூவர்ட் 'தார்த்தான்' எனப்படும் ஒற்றைப் பாய்மர உள்ளூர்க் கலம் ஒன்றோடு வந்தார். பேர்டைக் கடைசியில் ஏற்றியது அதில்தான். ஆனால் பல படகுகள் தூரத்திலேயே நின்றுவிட்டன. காரணம் பயம், பயத்துக்குக் காரணமும் இருந்தது. போர்க்காலத்தில் பீரங்கிகளில் மருந்தும் குண்டும் ஏற்றியே வைத்திருப்பார்கள். தீயில் பீரங்கி சூடேறினால் உள்ளிருக்கும் மருந்து பற்றித் தானாகவே வெடிக்கும். எந்தத் திசையை நோக்கி நிற்கிறதோ அங்கே குண்டு பாயும்.

பாய்ன் எரிந்தபோது இப்படிப் பறந்த குண்டுகள், அன்று அதே நங்கூர இடத்தில் நின்ற குயின் ஷார்லட்டிலேயே இரண்டு பேரைக் கொன்றன. ஆம், இதே குயின் ஷார்லட். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எரியும் கப்பல் ஒன்றின் குண்டுகளைத் தாங்கிய கப்பல்தான் பிறகு தானும் எரிந்தது. 1758 ஏப்ரல் 13 அன்று ஜிப்ரால்டர் செல்லும் வழியில் எரிந்த 'பிரின்ஸ் ஜார்ஜ்' விஷயத்திலும் இதேதான்: வணிகக் கப்பல்கள் பீரங்கிக்கு அஞ்சி விலகியே நின்றன. 745 பேரில் சுமார் 485 பேர் மாண்டார்கள்.

பாய்ன்ல மட்டும் ஏன் சாவு கம்மி?

துறைமுக நங்கூர இடம், பகல் நேரம், சுற்றிலும் ஒரு கடற்படையே படகுகளோடு. தீப்பிடித்து அரைமணி நேரத்துக்குள் பெரிதாகிவிட்டாலும், படகுகள் விரைந்து வந்ததால் இறந்தவர்கள் 11 பேர்தான். நங்கூரக் கயிறு எரிந்து அறுந்ததும் கப்பல் மிதந்துபோய் சவுத்ஸீ கோட்டைக்கு எதிரே தரைதட்டி, அங்கே வெடித்தது. நங்கூரக் கயிறும் சணல்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த இடத்தைக் குறிக்கும் மிதவைக்கு இன்றும் பாய்ன் என்றே பெயர்.

திரியும் புல்லும் தவிர வேற எதெல்லாம் காரணமா இருந்திருக்கு?

விளக்குதான் முதல் எதிரி. அஜாக்ஸில் தீ பின்பகுதியின் அடியில், ரொட்டி வைக்கும் அறையில் விட்டுவைத்த விளக்கிலிருந்து வந்தது என்றே முடிவானது. சுமார் 250 பேர் இறந்தார்கள். கேப்டன் ஹென்ரி பிளாக்வுட் கடலில் குதித்து, 'கனோபஸ்' கப்பலின் படகால் மீட்கப்பட்டார். சாராயப் பீப்பாயருகே மெழுகுவத்தி கொண்டுபோவது இன்னொரு பழைய கொலையாளி. எரிவது சாராயம் மட்டுமல்ல, அதன் ஆவியும். பாய்னுக்கு இரண்டு காரணம் சொல்லப்பட்டன: அதிகாரிகள் அறைக் கணப்பின் புகைக்குழாய் சூடேறியது, அல்லது பயிற்சியில் சுட்ட துப்பாக்கித் தோட்டாக்களின் எரியும் காகிதம் தளபதி அறைக்குள் பறந்தது. பிரின்ஸ் ஜார்ஜில் தீ கிளம்பியது கயிறு, தார் வைக்கும் முன்வைப்பறையில்.

மின்னலையும் சேர்க்க வேண்டும். வில்லியம் ஸ்னோ ஹாரிஸ் வடிவமைத்த நிலையான இடிதாங்கிகள் 1840-களில் பிரிட்டிஷ் கடற்படையில் பரவும்வரை, பாய்மரம் ஒவ்வொன்றும் இடியை அழைக்கும் கம்பம்தான். யாரும் தீ வைக்காமலே பற்றுவதும் உண்டு. ஆளிவிதை, சணல்விதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குவித்தால், எண்ணெய் காற்றோடு கலந்து இறுகும்போது வெப்பம் வெளிவரும். குவியலின் உள்ளே அது வெளியேற வழியின்றிப் பெருகிப் பற்றிக்கொள்ளும். பெயின்ட் துடைத்த துணியை இன்றும் விரித்துக் காயப்போடச் சொல்வது இதனால்தான்.

ஆம்ஃபியன் கப்பலும் இப்படித்தானே போச்சு?

இல்லை. இரண்டையும் குழப்பாதீர்கள். 1796 செப்டம்பர் 22 அன்று பிளிமத் துறையில் பழுதுபார்ப்புக்கு நின்ற ஆம்ஃபியன், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரே நொடியில் வெடித்தது. கப்பலில் விருந்தினர்களும் இருந்ததால் சுமார் 300 பேர் இறந்தார்கள். பீரங்கிப் பொறுப்பாளர் வெடிமருந்தைத் திருடி விற்றுவந்தார், அது சிந்திய தடத்தில் தீப்பற்றியது என்பதே வலுவான சந்தேகம். அங்கே நேரே வெடிமருந்து அறையில் தீ. குயின் ஷார்லட்டில் தீ மேலிருந்து கீழே. முதலாவதில் செய்ய எதுவுமில்லை. இரண்டாவதில் ஐந்து மணி நேரம் இருந்தது.

தேக்குல கட்டின கப்பல் எரியாதுன்னு சொல்றாங்களே?

எரியும். பம்பாய் கப்பல் தளத்தில் தேக்கால் கட்டப்பட்டு 1828-ல் நீரில் இறங்கிய 'பாம்பே' என்ற 84 பீரங்கிக் கப்பல், பின்னர் நீராவி எந்திரமும் சுழலியும் பொருத்தப்பட்டு, 1864 டிசம்பர் 14 அன்று மாண்டிவிடியோவுக்கு வெளியே எரிந்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேக்கு செல்லுக்கும் இற்றுப்போவதற்கும் அசையாது. தாரும் கித்தானும் பெயின்ட்டும் அதன்மேலும் அதேபோலத்தான் பற்றும்.

நம்ம ஊர்ப் பக்கம் இப்படி எதுவும் நடந்திருக்கா?

1783 ஏப்ரலில் மெட்ராஸ் கரைக்கு எதிரே 'டியூக் ஆஃப் அத்தோல்' தீப்பிடித்தது. போர்க்கப்பல் அல்ல, கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல். ஆனால் வெடிமருந்து உண்டு. அங்கே நின்ற எட்வர்ட் ஹியூஸின் கடற்படைக் கப்பல்களிலிருந்து படகுகள் உதவிக்கு விரைந்தன. அவர்கள் நெருங்கிய நேரத்தில் கப்பல் வெடித்து, அணைக்கப் போன மாலுமிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். லிவோர்னோப் படகுகள் தயங்கியதைக் கோழைத்தனம் என்று எழுதுகிறவர்கள் மெட்ராஸில் நடந்ததையும் நினைக்க வேண்டும்.

கப்பலை இழந்தா கேப்டனைத் தண்டிப்பாங்களாமே?

தண்டனை கட்டாயமில்லை, விசாரணை கட்டாயம். கப்பல் எப்படிப் போனாலும் பிழைத்த கேப்டனும் அதிகாரிகளும் ராணுவ நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். பிளாக்வுட் நின்றார், குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். டாட் பின்மேல்தளத்திலேயே இருந்து, நடந்ததைக் கீத் பிரபுவுக்குத் தெரிவிக்க எழுதிக் கொடுத்துவிட்டு இறந்தார்.

ஒழுங்குமுறை கடுமையா இருந்தும் ஏன் தொடர்ந்து நடந்துச்சு?

விதிகள் நல்லவைதான். கூண்டுக்குள்ளன்றி மெழுகுவத்தி கூடாது. புகை பிடிப்பது சமையலடுப்புப் பக்கம் மட்டும். இரவு விளக்குகளை அணைத்துக் காவலர் சுற்றி வர வேண்டும். வெடிமருந்து அறைச் சாவி கேப்டனிடம். ஆனால் இவை ஒவ்வொரு ஆபத்தையும் தனித்தனியாகப் பார்த்தன. திரித்தொட்டிக்கு விதி உண்டு, புல்லுக்கும் இடம் உண்டு. இரண்டும் ஒரே கூடத்தில் வந்து சேரும்போது கேட்க யாருடைய வேலையும் இல்லை. எண்ணூறு பேர் நெருக்கியடித்து வாழும் இடத்தில், எந்தச் சாமானும் நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது.

வரலாற்றுக் கதை எழுதுறேன். தீப்பிடிச்ச உடனே கப்பல் வெடிக்கிற மாதிரி வைக்கலாமா?

தீ மேல்தளத்தில் தொடங்குகிறது என்றால் வேண்டாம். வரிசை இப்படி வரும்: முதல் பத்து நிமிடத்தில் கித்தான், பெயின்ட், பாய், கயிறு. கட்டளை துண்டிக்கப்படும். அடுத்து, ஏற்றிவைத்த பீரங்கிகள் ஒவ்வொன்றாக, ஒழுங்கில்லாமல் வெடிக்கும். நிலைக்கயிறுகள் எரிந்ததும் பாய்மரங்கள் பக்கவாட்டில் சாயும். பிறகு தளம் இற்றுப் பீரங்கிகள் கீழே விழும். நங்கூரத்தில் நின்றால் கயிறு அறுந்து மிதந்து போகும். வெடிப்பு கடைசியில்.

ஆட்கள் எங்கே திரள்வார்கள் என்பதையும் சரியாக எழுதுங்கள். தீ பின்னால் என்றால் அணியத்திலும் அதன் முன்கம்பத்திலும் கொத்தாகத் தொங்குவார்கள். கீழே இறங்கியவர்கள் மேலே நடப்பதைப் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்குத் தெரிவது தலைக்குமேல் பலகையின் சூடும், அடர்ந்த புகையும், பம்புக் கைப்பிடியும்தான்.

கடைசியில கப்பல் போயிடுச்சு. அப்புறம் டண்டாஸ் கீழே போய்ப் போராடினதுக்கு என்ன பலன்?

கப்பலைக் காப்பாற்றவில்லை, நேரத்தைக் காப்பாற்றினார்கள். கீழே யாரும் இறங்காமல் வாசல்கள் திறந்தே இருந்திருந்தால், எரியும் கொள்ளிகள் ஏழு மணிக்கே அடித்தட்டில் விழுந்திருக்கும். அப்போது லிவோர்னோவிலிருந்து எந்தப் படகும் வந்து சேர்ந்திருக்க முடியாது. ஒன்பது பன்னிரண்டு கடல் மைல் வர மணிக்கணக்கில் ஆகும். பேர்ட் பத்து மணியளவில் குதித்தபோதுதான் அமெரிக்கப் படகு நெருங்கிக்கொண்டிருந்தது. பிழைத்த ஏறத்தாழ 160 பேரில் பெரும்பாலோர் அந்த இரண்டரை மணி நேரத்துக்குக் கடன்பட்டவர்கள். வாளியும் அடைப்பானும் வைத்துக்கொண்டு, தலைக்குமேல் எரியும் தளத்தின் கீழ் நின்று அவர்கள் செய்தது, அந்தக் காலத்துக் கருவிகளால் செய்யக்கூடிய மிகச் சரியான வேலை.